பூவரசம் பலகை

கழுத்தில் ஒரு கோடு இருந்தது.

விநாயகமூர்த்தி தாளை விறாந்தை வெளிச்சத்தில் பிடித்தார். தங்கை அம்பிகையின் முகம் அச்சில் அப்படியே விழுந்திருந்தது. நாடிக்குக் கீழே மட்டும் மயிரளவு கறுப்பு. காலையில் அடித்துக் கொடியில் காயவிட்ட நாற்பது தாள்களில் அது இல்லை. நாளை மறுநாள் அவள் செத்த முப்பத்தோராம் நாள். புங்குடுதீவே கையில் வாங்கப்போகும் கல்வெட்டு என்ற நினைவுப்பாட்டுப் புத்தகத்துக்கு இதுதான் முகப்பு. காய்ச்சலில் போனாள் என்று உள்ளே பாட்டு இருந்தது. ஊரும் நம்பியிருந்தது.

"பலகை வெடிச்சிட்டுதோ?"

"வெடிச்சா வெள்ளையாய் விழும், ஐயா," என்றான் சவிரிமுத்து. ஊர்காவற்றுறைத் தச்சன், யப்பானில் மூன்று வருடம் அச்சுப்பலகை செதுக்கியவன். "மேடாய் நிக்கிற இடந்தான் மை பிடிக்கும். கழுத்தடியை நான் வழிச்செடுத்தனான்."

"பேந்தென்னெண்டு விழுது?"

"தெரியாது. படத்தைப் பலகையிலை குப்புற ஒட்டி, அதிலை உள்ள கோடுகளை மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டினனான்." அவன் பலகையை முகர்ந்தான். "மரம் பச்சை. எங்கை தறிச்சது?"

அவர் பலகையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இவனுக்கு யார் சொன்னது? கிறிஸ்தவ வேதக்காரப் பொடியன் ஒருவனுக்கு அம்பிகை எழுதிய கடிதத்துக்காக அவளை மூன்று நாள் பூட்டி வைத்திருந்தார். திறந்துவிட்ட அன்றே பின்வளவுப் பூவரசு. கயிறறுத்து இறக்கியது அவரும் மனைவி அன்னப்பிள்ளையும் மட்டும். மறுநாளே மரத்தைத் தறித்தார். நல்ல வைரம். எரிக்க மனம் வரவில்லை; அதில் அறுத்ததுதான் இந்தப் பலகை.

இவனும் வேதக்காரன்.

"உளியைத் தாரும்."

கழுத்திருந்த இடம் குழியாகும்வரை தானே குடைந்தார். சவிரிமுத்து மை தடவி, ஈரத்தாளை விரித்து, மூங்கில் மட்டை சுற்றிய வட்டத் தட்டால் தேய்த்தான். சர். சர். பச்சைப் பட்டை வாடை எழுந்தது; அதற்குள்ளே, மெல்ல, அவள் தலையில் வைக்கும் நல்லெண்ணெய் வாடை.

தாளை உரித்தான்.

கோடு தடித்திருந்தது. முறுக்குத் தெரிந்தது. காதுக்குப் பின்னால் ஏறித் தாளின் மேல் விளிம்பைத் தொட்டது.

"ஐயா, இது கயிறெல்லோ," என்றான் சவிரிமுத்து. சிலுவை அடையாளம் போட்டான். உளிகளைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனான்.

அவர் கொடிப் பக்கம் திரும்பினார்.

நாற்பதிலும் இருந்தது. ஒவ்வொரு கழுத்திலிருந்தும் ஏறி, கொடிக்கயிறு வரை.

வளவில் ஒரு பனையோலை அசையவில்லை. தாள்கள் திரும்பின. மெதுவாக. எல்லாம் ஒரே பக்கம்.

பின்னேர வெயில் அவற்றின் நிழலைத் தரையில் நீட்டியிருந்தது. சதுரமாக இல்லை. நீளமாக.

ஒவ்வொன்றின் நுனியிலும் இரண்டு பாதங்கள். விரல்கள் கீழ்நோக்கி.