மூன்றாம் நாள் பால்

ஜோதிமேரிக்கு ஏழாம் மாதத்தில், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பால் இறங்கியது.

கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ரவிக்கையின் இடப்பக்கம் நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தாள். பிறகு அந்த வாசனை வந்தது. பிரசவ விடுதியின் டெட்டால் நெடிக்கும் கடற்கரையில் காயும் கருவாட்டு நெடிக்கும் நடுவே, இளஞ்சூடாக, லேசான இனிப்பாக, ஆறு வருடமாக மற்றப் பெண்களின் மார்பில் மட்டுமே அவள் முகர்ந்த வாசனை. கர்ப்பத்தில் சிலருக்கு மஞ்சளாகக் கசியும் என்பது நர்சுக்குத் தெரியும். இது கசிவு இல்லை. வெள்ளையாக, நீர்த்து, நிற்காமல் வழிந்தது. இடது மார்பு கல்லாக இறுகிச் சுட்டது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

உட்கார்ந்து யோசிக்க நேரம் இல்லை. பாம்பனுக்குக் கிழக்கே ஐந்து கரையூர்களுக்கும் அவள் ஒருத்திதான் நர்சு. அந்த வாரம் அதற்குள் நான்கு பிரசவம் ஆகிவிட்டது. பஞ்சை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"என்ன நர்சம்மா, புள்ள வாரதுக்கு முந்தியே சோறாக்கி வச்சிட்டீகளாக்கும்?" என்றாள் ஆயா பூமயில், தரையைத் துடைத்தபடி.

"சிலபேருக்கு அப்பிடி வரும்க்கா."

"வரும், வரும். வந்தா ரெண்டு பக்கமும்ல வரும்? இதென்ன ஒத்தக் கண்ணு அழுகுற மாதிரி."

ஜோதிமேரி சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் சிரித்தாள். மனம் மட்டும் தன் வழக்கப்படி கணக்கு எடுத்தது. பிரசவித்த மூன்றாம் நாள் பால் இறங்கும். இன்று வியாழன். மூன்று நாளைக்கு முன்பு திங்கள்.

திங்களன்று லூர்து மேரிக்குக் குழந்தை செத்துப் பிறந்தது.

கழுத்தில் கொடி இரண்டு சுற்று. நீலம். மூச்சு இல்லை, துடிப்பு இல்லை. வாசலில் நின்ற புருஷன் சிலுவைமுத்து, நேராகக் கடலிலிருந்து வந்தவன், ஈர வேட்டியோடு கையெடுத்துக் கும்பிட்டான்.

"உசுரு இருக்காம்மா? இருந்தாத் தண்ணி ஊத்திருங்கம்மா. இல்லாட்டி செவுத்துக்கு வெளிய போடச் சொல்லிருவாக சாமியாரு."

சாகக் கிடக்கும் குழந்தைக்குச் சாமியார் வர நேரமில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் எந்தக் கிறிஸ்தவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது பெற்ற குழந்தை கல்லறைத் தோட்டத்துக்குள் படுக்கும். பெறாதது சுவருக்கு வெளியே, நாய் திரியும் மணலில். ஆனால் அது உயிருள்ளவர்களுக்கு மட்டும். செத்ததற்கு ஊற்றுவது பாவம்.

பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி முக்கிக்கொண்டிருந்தாள். ஜோதிமேரிக்கு இரக்கமும் வரவில்லை, பயமும் வரவில்லை. இதை முடித்துவிட்டு அந்தக் கட்டிலுக்குப் போக வேண்டும் என்பது மட்டுமே இருந்தது. தம்ளரில் தண்ணீர் எடுத்தாள்.

"பேரு?"

"வைக்கலம்மா. பொறக்கும் முந்தி வைக்க மாட்டோமே."

அந்தக் கரையில் யாரும் வைக்க மாட்டார்கள். ஜோதிமேரிதான் தன் வயிற்றுப் பிள்ளைக்கு வைத்திருந்தாள். மூத்தவன் பிறந்தால் செத்துப்போன தன் அய்யாவின் பெயர் என்று மூன்றாம் மாதமே அவளும் புருஷன் சவேரியாரும் ரகசியமாக முடிவு செய்திருந்தார்கள். களைத்த தலைக்குள் அந்த ஒரு பெயர்தான் கிடந்தது.

"சந்தியாகு, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே..."

நீல நெற்றியில் தண்ணீர் வழிந்தது. கோயில் உபதேசியாரிடம், "ரெண்டு மூச்சு விட்டுச்சு" என்று சொன்னாள். சாயங்காலம் அதைச் சுவருக்குள் புதைத்தார்கள்.

வியாழனுக்குப் பிறகு பால் நேரப்படி வந்தது. ஆறு மணி, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று. பச்சைப்பிள்ளைக்குப் பசிக்கும் கணக்கு. கரையூர்களுக்கு மணலில் நடக்கும்போதும், அடுத்தவள் வயிற்றில் கை வைத்துத் தலை எங்கே இருக்கிறது என்று பார்க்கும்போதும் மார்பு குறுகுறுத்துப் பால் இறங்கும்.

சனிக்கிழமை மதியம் சவேரியார் வந்தான். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் போகும் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவன். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. வந்ததும் வயிற்றில் காதை வைத்தான்.

"ஏலே சந்தியாகு, அய்யா வந்திருக்கேன்டா."

வயிறு அசையவில்லை. இடது மார்பிலிருந்து பால் பீறிட்டது.

"என்ன புள்ள, ஒரு உதையும் காணும்? ஓன் மவனுக்கும் டூட்டியோ?"

"வேற பேரு வைப்போம்ங்க."

"மாமா பேருக்கு என்ன வந்துச்சு இப்ப?"

"வேற வைப்போம்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "லீவு போடு மேரி" என்றான்.

"போட்டா இங்கன பிரசவத்தை யாரு பாக்குறது?"

அவன் மறுபடியும் வயிற்றுப் பக்கம் குனிந்தான். வயிற்றை வேறு பெயரால் கூப்பிட்டுப் பார்க்க அவனுக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு பால் இறங்கியது; மார்பு இளகியது; காலியானது. பஞ்சை எடுத்துப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

மூன்று மணிக்கும் உலர்ந்திருந்தது.

அடுத்த திங்களன்று காம்பு வெடித்திருந்தது. சரியாகக் கவ்வத் தெரியாத பிள்ளை வெடிக்கவைப்பதுபோல. தாய்மாருக்குச் சொல்லும் அதே வைத்தியமாகத் தேங்காயெண்ணெய் தடவினாள். ஒரு மணி நேரத்தில் எண்ணெய் இல்லை. அந்த இடத்தில் பொடி மணல் ஒட்டியிருந்தது.

பத்தாம் நாள் லூர்து மேரியைப் போய்ப் பார்க்க வேண்டும், அது வேலை. போனாள். ஓலை வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து இடம் விட்டாள். நாடி, காய்ச்சல், வயிறு எல்லாம் சரியாக இருந்தது.

"பால் கட்டுச்சா? வலி இருக்கா?"

"அதாங்க்கா கேக்கணும்னு இருந்தேன். மூணாம் நாளு கட்டும், துணி வச்சுக் கட்டிக்கன்னு சொன்னீகள்ல? ஒரு சொட்டு வரல. எங்க போச்சோ."

ஜோதிமேரி குறிப்பேட்டில் எழுதினாள்: பால் இல்லை.

"அவன் உள்ள கெடக்கான், அது போதும்க்கா. தெனமும் போயி மெழுகுவத்தி கொளுத்துறேன். சந்தியாகுன்னு கூப்புடுவேன். நல்ல பேரு வச்சீக." அவள் ஜோதிமேரியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லைன்னா வெளியதான் கெடப்பான்."

சாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அன்று காலை ஜோதிமேரி கிளம்பியிருந்தாள். சொன்னால் தோண்டுவார்கள். திரும்பி வரும் வழியில் கோயில் கதவு திறந்துதான் இருந்தது. தாண்டிப் போனாள். அடுத்த ஊரில் ஒருத்திக்கு வலி கண்டிருந்தது.

இரண்டு மாதம் அப்படிப் போனது. உணவு இறங்காமல் மெலிந்தாள். பூமயில் மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். தின்றதெல்லாம் இடப்பக்கம் போனது.

அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. தன் விடுதியிலேயே, தன் கட்டிலிலேயே. ராமநாதபுரத்திலிருந்து வந்த நர்சு, "ஆறு ராத்தல், நல்ல குரல்" என்றாள். ஜோதிமேரி குழந்தையைப் பார்த்தாள். விரல்கள் பத்து. நெற்றி உலர்ந்து, சிவந்து, உயிரோடு. ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். தோன்றவில்லை. இதைச் சாகவிடக் கூடாது என்ற ஒன்று மட்டும், வேலையைப்போல, உறுதியாக இருந்தது.

முதல் நாள் வலது பக்கம் கொடுத்தாள். சப்பியது; அழுதது. இரண்டாம் நாள் சீனித் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு வைத்தார்கள். மூன்றாம் நாள் வலது பக்கம் இறங்க வேண்டிய பால் இறங்கவில்லை. குரல் பூனைக்குட்டியுடையதாகிவிட்டது. உச்சிக்குழி பள்ளமாகியிருந்தது. விடுதியில் அன்று பால் கொடுக்கும் வேறு தாய் இல்லை; அடுத்த கரையூரிலிருந்து ஒருத்தியைக் கூட்டிவரப் போன ஆள் இன்னும் திரும்பவில்லை.

"தாயி, இடப்பக்கம் குடம் மாதிரி நெறஞ்சு கெடக்கு. அங்கன குடுக்காம எதுக்கு இப்பிடிப் போட்டுக் கொல்றீக?" பூமயில் அதட்டினாள். "குடுங்க. நான் கஞ்சி வச்சிட்டு வாரேன்."

அவள் போய்விட்டாள்.

மூன்று மணி. வெளியே வெள்ளை வெயில். கச்சான் காற்றில் ஜன்னல் திரை ஊதி, ஒட்டி, ஊதியது. தூரத்தில் யாரோ படகுப் பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

குழந்தையை இடப்பக்கம் திருப்பினாள்.

மார்பு குறுகுறுத்தது. பால் இறங்கியது. துணியில் ஒரு சொட்டு விழவில்லை.

குழந்தை வாயைத் திறந்து தேடியது. பசி. தலையை ஆட்டி ஆட்டித் தேடியது. காம்பு அங்கேதான் இருந்தது, அரையங்குலத்தில். வாய் போய்ச் சேரவில்லை.

இன்னும் அணைத்தாள்.

குழந்தையின் கன்னம் அழுந்தியது. தட்டையாக. நடுவில் ஒன்றும் இல்லாத இடத்தில், இன்னொரு கன்னத்தின் மேல் அழுந்துவதுபோல.

முழங்கை மடிப்பில் குளிர்ந்தது. ஈரம். ஒரு சின்னத் தலையின் கனம்.

தன் பிள்ளையைவிடக் கனம். இரண்டு மாதத்துக் கனம்.

அவள் அலறவில்லை. கை தானாகவே அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டது, எத்தனையோ தாய்மாருக்கு அவள் சொல்லிக்கொடுத்த மாதிரி.

அவள் பிள்ளை வாயைத் திறந்து காற்றைச் சப்பியது. சப்பியது. நிறுத்தியது.

விழுங்கும் சத்தம் மட்டும், நிதானமாக, அதன் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது.