மாரம்மாவுக்குப் போட்ட பூஜ்யம்

ஏழாம் கட்டிலின் விரிப்பில் மறுபடியும் கல்தூசி இருந்தது.

காலையிலிருந்து மூன்று முறை விரிப்பை மாற்றிவிட்டாள் நர்ஸ் பொற்கொடி. ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறியைக்கூடத் துடைத்தாயிற்று. ஆனாலும் தண்ணீர் பட்ட கருங்கல்லின் வாசனையோடு, அரைத்த மாவு போல அந்தச் சாம்பல் தூசி தலையணைப் பள்ளத்தில் வந்து படிந்துகொண்டே இருந்தது. மூன்று நாளாகக் காலியாகக் கிடக்கும் கட்டிலில் தலையணை எப்படிப் பள்ளமாகும்?

அதில் கடைசியாகப் படுத்தவள் மாரம்மா. பர்கூர் குவாரியில் கல் சுமந்தவள். அந்த ஓசூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒவ்வொருவரிடமும் ஆறு கேள்வி கேட்டு ஒரு தாளில் எண் போட வேண்டும். பயம் எவ்வளவு, சின்னக் காயத்துக்கே வலிக்குமா, தூக்கம் உண்டா என்று. கூட்டிப் பார்த்தால் பின்னால் யாருக்கு வலி அதிகம் வரும் என்று தெரிந்துவிடும்; அவர்களுக்குத்தான் வலுவான மருந்து. அன்றைக்குப் பதினொரு பேர். மாரம்மாவுக்குத் தெலுங்கு மட்டும்தான். தெலுங்கு தெரிந்த மூத்த நர்ஸ் நிர்மலா சாப்பிடப் போயிருந்தாள். கல் சுமக்கிற உடம்புக்கு வலியாவது ஒன்றாவது என்று, கேட்காமலே ஆறு பூஜ்யம் போட்டாள் பொற்கொடி.

ஆபரேஷன் முடிந்து மூன்று நாளும் மாரம்மா பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். "நொப்பி, சிஸ்டர், நொப்பி." தேனியிலிருந்து ஓசூருக்கு வந்து இரண்டு வருஷம் ஆன பொற்கொடிக்கு, நொப்பி என்றால் வலி என்று தெரியாதா? தெரியும். தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சும்மா இரும்மா. உனக்கு வலிக்காது."

உள்ளே சீழ் பிடித்திருந்தது. நாலாம் நாள் விடியும்போது மாரம்மா இல்லை. டாக்டர் கேட்டபோதும் பொற்கொடி வாய் திறக்கவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டதோடு சரி.

ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே வார்டு, நடுவில் திரை. எட்டாம் கட்டிலில் ஆனந்த், கம்பெனி ஃபிட்டர். நாளைக்குக் குடலிறக்க ஆபரேஷன். இவனிடம் ஒரு கேள்விகூட விடக் கூடாது என்று தாளோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயம் எவ்ளோ தம்பி? பத்துக்கு எத்தனைன்னு விரல்ல காட்டுங்க."

சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினான். மூன்றாவது விரல் விரிந்தது. நான்காவது. சிரிப்பு நின்றது. மறு கையும் எழுந்தது. பத்து.

"சிஸ்டர்... நான் காட்டலிங்க. தானா வருதுங்க."

பொற்கொடி எழுந்தாள். அப்போதுதான் வலித்தது. தொப்புளுக்குக் கீழே. மாரம்மாவுக்குத் தையல் போட்ட அதே இடத்தில். கால் மடிந்தது. ஏழாம் கட்டிலில் விழுந்தாள். தலையணைப் பள்ளம் அவள் தலைக்கு அளவாக இருந்தது.

மணியை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். நிர்மலா வந்தாள். அக்கா என்று கூப்பிடத்தான் பொற்கொடி வாயைத் திறந்தாள்.

"நொப்பி," என்றது வாய்.

நிர்மலா, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தாள். கால்மாட்டில் தொங்கிய தாளை எடுத்தாள். மேலே பொற்கொடியின் பெயர். கீழே ஆறு பூஜ்யம். எல்லாம் பொற்கொடியின் கையெழுத்து.

"சும்மா இரும்மா. உனக்கு வலிக்காது."

மணியை அணைத்தாள். திரையை இழுத்து மூடினாள். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது.

திரைக்குள்ளே பத்து விரல்கள் விரிந்து நின்றன. நகக்கண்களில் கல்தூசி.