மமதா பார்த்த திசை

மமதாவின் கண்கள் தவறான இடத்தில் நின்றன.

ஷைலஜா அதை இரண்டாவது டேக்கில்தான் கவனித்தாள். முன்னறை மேசையருகே நின்று தண்ணீர் குடிக்கும் பெண், உள்ளறையில் ஏதோ சத்தம் கேட்டு, டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும். எங்கே பார்ப்பது என்று அவளுக்குக் குழப்பம் வராமலிருக்க, உள்ளறைச் சுவரில் ஆள் உயரத்தில் ஒரு சிவப்பு டேப்பை ஷைலஜாவே ஒட்டி வைத்திருந்தாள். மமதாவின் பார்வை அந்த டேப்புக்குப் போகவில்லை. அதற்கு வெகு கீழே, கட்டிலின் கால்மாட்டில், தரையோரமாகப் போய் நின்றது.

"பார்வ எறங்குது மமதா. டேப்ப பாரு," என்றாள் ஷைலஜா.

"சரி சரி," என்றாள் மமதா. அடுத்த டேக்கிலும் கண்கள் கீழேதான் போயின. டேப்பைப் பார்க்க முயன்று, தோற்று, வேறு ஏதோ இழுத்ததுபோலச் சரிந்தன.

கேமரா பின்னாலிருந்து பிரதாப் கட் சொன்னான்.

மூவருமே கோலார் தங்கவயல்காரர்கள், கேஜிஎஃப். தினமும் ஒரே ரயிலில் பெங்களூருக்குப் போய், ஒரே வகுப்பில் சினிமா படிப்பவர்கள். இரண்டு நிமிடத்துக்கு வசனமில்லாத ஒரு குறும்படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் இடையே வெட்டு இருப்பதே பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது. அதுதான் பாடம். பிரதாப் இயக்கம், கேமரா. மமதா நடிப்பு. ஷைலஜாவுக்குக் கன்டினியூட்டி. ஒரு ஷாட் முடியும்போது எந்தப் பொருள் எங்கே இருந்ததோ, அடுத்த ஷாட்டிலும் அது அங்கேயே இருக்கிறதா என்று ஃபோனில் படமெடுத்து ஒப்பிடும் வேலை.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. மமதா டம்ளரைத் தூக்கும் கை பாதியில் நிற்கும். கேமராவை நகர்த்தி வைத்த பிறகு, அதே கை, அதே உயரத்திலிருந்து, அதே வேகத்தில் மிச்ச தூரத்தைக் கடக்கும். ஒட்டிப் பார்த்தால் ஒரே அசைவு. அம்மா போன பிறகு, கலைந்ததை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க முடிந்தது இந்த ஒரு வேலையில்தான்.

வீடு, கேஜிஎஃப்பின் கோரமண்டல் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று; ஷைலஜா குடும்பத்தின் பழைய வீடு. போன மழைக்காலத்தில் அம்மா அந்த உள்ளறைக் கட்டிலில்தான் இறந்தாள். அப்பா ஷைலஜாவையும் கூட்டிக்கொண்டு பங்காரப்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்க ஷைலஜாவுக்கு மனமில்லை. "எத்தினி நாளைக்கு அந்த ரூமுக்கு பயந்துக்கினு இருப்ப? நாங்க கூட கீறோம் இல்ல?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவள் மமதா. அந்தக் கைக்காகத்தான் ஷைலஜா சாவியை எடுத்து வந்தாள்.

மத்தியானம் தாண்டியதும் காற்று எழுந்தது. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டு மண்ணை வாரிக்கொண்டு வந்து தகரக் கூரையில் சரசரவென்று இறைத்தது. தகர இடுக்கில், கதவிடுக்கில், நாக்கில்கூட அந்த வெளிறிய தூள். ஷைலஜா நீலத் துப்பட்டாவைத் தலையோடு சுற்றி முடிந்துகொண்டாள். வீட்டுக்குள் மூடிக் கிடந்த துணி வாசனையும், எலிப் புழுக்கையின் காரமும், அதற்கடியில், மிக மெல்ல, அம்மாவுக்குத் தேய்த்த தைலத்தின் வாசனையும் இருந்தன.

தப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. மேசையின் வலது ஓரத்தில் இருந்த சொம்பு இடது ஓரத்துக்கு வந்திருந்தது. சுவரைப் பார்த்திருந்த நாற்காலி உள்ளறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஃபோன் படத்தையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் தொட்டோமா? தொட்ட ஞாபகம் இல்லை.

"இன்னா ஷைலு, ஒரு சேருகூட பாத்துக்க முடியலியா?" என்றான் பிரதாப். "வெளிச்சம் போவுது மச்சா."

"நான் தொடல பிரதாப்."

"அப்ப யாரு தொட்டாங்க?"

மமதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெயில் மஞ்சளாகி, சிவந்து, சுவரில் ஏறி மங்கத் தொடங்கியபோது மமதாவின் ஷாட்டுகள் முடிந்தன. அதுவரை கேமரா அவள் பக்கமே பார்த்திருந்தது. மீதி ஒன்றுதான். மமதா எதைப் பார்த்தாளோ அந்த உள்ளறை, காலியாக. பிரதாப் கேமராவைத் திருப்பி உள்ளறை வாசலுக்கு நேராக நிறுத்தினான். ஷைலஜா உள்ளே நின்றபடியே ஃபிரேமைச் சரிபார்க்கட்டும் என்று சின்னத் திரையையும் உள்பக்கமாகத் திருப்பி வைத்தான்.

அப்போதுதான் அது கேட்டது.

டக். டக்.

சற்று இடைவெளி.

டக்.

எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் தட்டும் சத்தம். கடைசி மாதங்களில் அம்மாவுக்குப் பேச்சு இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால், புரண்டு படுக்க வேண்டுமென்றால், தனியாக இருக்கப் பயமென்றால், இப்படித்தான் கூப்பிடுவாள். இரண்டு தட்டு. இடைவெளி. ஒரு தட்டு.

"கேட்டுதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே," என்றான் பிரதாப்.

மமதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டக். டக்... டக்.

ஷைலஜா உள்ளே போனாள். போகக்கூடாது என்று உடம்பு சொல்லிற்று, ஆனால் அந்தச் சத்தத்துக்குப் போகாமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. கட்டிலருகே மண்டியிட்டாள். சத்தம் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. இருட்டுக்குள் கையை விட்டாள். விரல்கள் ஏதோ விரல்களைத் தொடும் என்று காத்திருந்தன. துணி தட்டுப்பட்டது. துணிக்குள் சூடாக, உருண்டையாக ஒன்று. வெளியே இழுத்தாள்.

ஒரு சின்ன ஸ்பீக்கர்.

டக். டக். அவள் உள்ளங்கையில் அதிர்ந்தது. டக்.

எவ்வளவு நேரம் அதையே பார்த்தாளோ தெரியாது. பயம் வடிந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அது பயத்தைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். எழுந்து அவர்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஷைலு, தப்பா எடுத்துக்காத," என்றான் பிரதாப். "ஆக்டிங்ல அந்த பயம் வராது. நெசமான பயம் வேண்டியிருந்திச்சி. பரண்மேல இன்னொரு கேமரா கீது. காலைலேர்ந்து உன்னத்தான் எடுத்துக்கினு இருந்தோம். படம் முடிஞ்சதும் சொல்லலாம்னு..."

"சொம்பு, சேரு?"

"நாங்கதான்."

அவள் பிரதாப்பைப் பார்க்கவில்லை. "இந்த தட்டற சத்தத்த உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன் மமதா."

ரயிலில், ஜன்னலோரத்தில், மமதாவின் தோளில் தலை சாய்த்துச் சொன்னது. அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. இன்னும் தூக்கத்தில் கேட்கிறது, எழுந்து ஓடுகிறேன் என்று சொன்னபோது மமதாவும் அழுதாள். அழுதுவிட்டு, அதை எடுத்துப் போய் இவனிடம் கொடுத்திருக்கிறாள். உட்கார்ந்து பேசியிருப்பார்கள். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டிருப்பான். இவள் தட்டிக் காட்டியிருப்பாள்.

"சாரிடி," மமதாவின் குரல் உடைந்தது. "சவுண்டு வெக்கறது, சேரு திருப்பறது, அவ்ளோதான் நான் ஒத்துக்கினது. அந்த பொம்பளய பிரதாப் ஒக்கார வெப்பான்னு சத்தியமா எனக்கு தெரியாது."

"எந்தப் பொம்பள?" என்றான் பிரதாப்.

"நடிக்காத. கட்டிலாண்ட தலய மூடிக்கினு கீழ ஒக்காந்துக்கினு இருந்தாங்களே. உன் ஆளுன்னுதான் நான் வாயத் தொறக்கல. டேப்ப பாக்கவே முடியல, அங்கயே கண்ணு போவுது..."

"நான் யாரையும் கூட்டிக்கினு வரல மமதா."

காற்று நின்றிருந்தது. கூரையில் ஒரு மண் துகள்கூட விழவில்லை.

மமதாவின் கண்கள் ஷைலஜாவைத் தாண்டிக் கீழே இறங்கின. அதே இடம். கட்டிலின் கால்மாடு. அங்கேயே நின்றன. பிறகு, மெதுவாக, மேலே ஏறத் தொடங்கின. முழங்கால் உயரம். இடுப்பு. நெஞ்சு. ஷைலஜாவின் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

எதுவோ எழுந்து நின்றுவிட்டது.

பிரதாப்பும் அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்து பார்த்தான். மமதாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"மமதா," என்றாள் ஷைலஜா. "என்ன விட்டுட்டு போவாத."

போனார்கள். நாற்காலி சாய்ந்து விழுந்தது. வெளிக்கதவு அறைந்து சாத்திக்கொண்டது. தாழ் விழும் சத்தம். அவர்கள்தான் வெளியிலிருந்து போட்டார்கள். உள்ளே இருப்பது தங்கள் பின்னால் வந்துவிடக் கூடாதென்று. பைக் இரண்டு முறை உதைபட்டுக் கிளம்பியது. தெருக்கோடியில் தேய்ந்தது.

ஷைலஜா திரும்பவில்லை.

எதிரே கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சின்னத் திரை அவளைப் பார்த்தபடி. அதில் உள்ளறை. மங்கல் வெளிச்சம். கட்டில். நடுவில் அவள். தலையில் நீலத் துப்பட்டா.

அவளுக்குப் பின்னால், இன்னொரு நீலத் துப்பட்டா.

அம்மாவாக இருக்கக்கூடாதா என்று ஒரு கணம் ஏங்கினாள். அம்மா இல்லை. அம்மா இவ்வளவு உயரமில்லை. அது ஷைலஜாவின் உயரம்.

கண்கள் வேலைப் பழக்கத்தில் தாமாகவே ஒப்பிட்டன. பச்சை குர்த்தா. சரி. இடது தோளில் மண் கறை. சரி. மண்டியிட்டதில் முழங்காலில் ஒட்டிய ஒட்டடை. அதுவும். எதுவும் மாறவில்லை. முகம் மட்டும் துப்பட்டா நிழலுக்குள்.

தைல வாசனை இல்லை இப்போது. ஈர மண். ஆழத்து மண்.

கத்தல் தொண்டைக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினாள். நெஞ்சுக்கு நேராக வந்ததும் கை நின்றுவிட்டது. அதற்கு மேல் அசையவில்லை.

திரையில், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. நெஞ்சு உயரத்திலிருந்து. அவள் விட்ட இடத்திலிருந்து. அதே வேகத்தில் மேலே ஏறியது.

அவள் வாயைப் பொத்தியது.