ஏழாம் பொருத்தில் ஆறாம் மரம்

"தலை!"

"என்ன தலை?"

டொங்!

செல்வமலரின் நெற்றிக்குள் மின்னல் வெட்டியது. வாசலுக்கு மேலே தாழ்வாய்க் குறுக்கே கிடந்த கறுத்த ஓக் மரச் சட்டத்தில் இடித்துக்கொண்டுதான் அவள் அந்தப் பழைய பண்ணை வீட்டுக்குள் வந்து சேர்ந்தாள். வெளியே ஒக்டோபர் மழை... உள்ளே நீலச் சேட்டுப் போட்ட ஒருவன்.

"குனியுங்கோ எண்டு சொல்ல முதல் இடிச்சுப்போட்டியள். நோகுதோ?"

"இல்லை, சுகமாயிருக்குது! தலை எண்டு மட்டும் கத்தினால் ஆருக்கு விளங்கும்?"

அவன் உதடுகள் சிரிப்பை அடக்கிக்கொண்டன. கண்கள் அடக்கவில்லை. மழை வழியும் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிவது போல இரண்டு கண்கள்...

இவர்தான் ஆள், என்று நினைத்தாள். வேறு யாராக இருக்க முடியும்? எட்மண்டனிலிருந்து ரெயினில் வரும் மாப்பிள்ளை குலசேகரம், நீலச் சேட்டு, ஞாயிறு பின்னேரம், பூங்காவுக்குள் இருக்கிற பண்ணை வீடு. எல்லாம் கோதை அன்ரியின் ஏற்பாடு. வீட்டுக்கு வந்து பொம்பிளை பார்த்துச் சரிவராமல் போனால் அவர்கள் இருக்கிற செவன் கிங்ஸ் முழுக்கக் கதைக்குமாம். ஆகையால் தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்க வேண்டும். அம்மா தவநாயகியும் அன்ரியும் பக்கத்துத் தேநீர்ச்சாலையில் காத்திருக்கிறார்கள். ஓமா, இல்லையா? இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

இதற்கு முன் வந்து பார்த்தவர்களெல்லாம் கேட்ட கேள்விகளில் அலுத்துப்போய், இல்லை என்று சொல்லவே அவள் வந்திருந்தாள். ஆனால் இந்த முறை கேள்வி அவளுடையது.

"சிகரெட் பத்துவீங்களோ?"

அவன் திகைத்தான். "இல்லை... இஞ்சை பத்தவும் விடமாட்டினம். எல்லாம் மரம்."

"சமைக்கத் தெரியுமோ?"

"பருப்பு வைப்பன். முட்டை பொரிப்பன்... ஏன், ரீ றூமிலை ஆள் எடுக்கினமோ?"

"பகிடி விடாதேங்கோ. கலியாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போவன். அதிலை ஏதும்..."

அவன் கையிலிருந்த அளவு நாடா சர்ரென்று உள்ளே சுருண்டு ஓடியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன் நாடாவை மறுபடி இழுத்தான்.

"போங்கோவன்," என்றான் மெதுவாக. "நானேன் மறிக்கப்போறன்?"

இத்தனை சுலபமாகவா? அவளுக்குக் குழம்பியது. இல்லை என்று சொல்ல ஒரு காரணமாவது அகப்பட வேண்டாமா?

"ஒரு உதவி... இந்த நுனியைப் பிடியுங்கோ. தனிய அளக்க ஏலாமல் நிக்கிறன். இந்த வீட்டைப் படமாக் கீறுறன்."

கணக்குப் பார்க்கிற எக்கவுண்டன் என்றல்லவா அன்ரி சொன்னாள்! எக்கவுண்டனுக்குப் பழைய வீட்டில் என்ன வேலை? பொழுதுபோக்காக்கும்... பிடித்தாள்.

"சுவரைத் தொட்டுப் பாருங்கோ. உள்ளுக்குப் பின்னின கம்பு. மேலை களிமண், வைக்கோல், மாட்டுச் சாணம்."

"வெள்ளைக்காரன் சாணத்தாலையோ வீடு கட்டினவன்?"

"ஓம். ஆணியும் இல்லை, மர முளைதான். முழுச் சட்டத்தையும் நிலத்திலை வைச்சுப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு பொருத்திலையும் இலக்கம் வெட்டி, கழட்டிக் கொண்டந்து நிமித்தினவை. ஆறாம் மரம் ஆறாம் பொருத்துக்குத்தான்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். மூலையில், உளியால் வெட்டிய றோமன் இலக்கங்கள்.

"பொய். இந்த மரத்திலை ஆறு. அது ஏறியிருக்கிற தூணிலை ஏழெல்லோ?"

"அட! நான் மூண்டு ஞாயிறு வந்துதான் கண்டனான்." அவன் முகம் மலர்ந்துபோனது. "ஆசாரி மாறி ஏத்திப்போட்டான்."

"பிறகு?"

"பிறகென்ன... பச்சை மரம். காயக் காய முறுகி ஒண்டையொண்டு இறுக்கிப் பிடிச்சிட்டுது. நானூறு வருசமா விழேல்லை."

அவன் மரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை...

இல்லை என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படாமல், தேநீர்ச்சாலைக்கு அவள் நனைந்துகொண்டே ஓடினாள். "அம்மா... ஓம்!"

தவநாயகியின் கண் கலங்கியது. கோதை அன்ரியின் கோப்பை பாதியில் நின்றது.

"என்ன பிள்ளை ஓம்? மாப்பிள்ளைப் பெடியன் இப்பதானே வாறார். ரெயின் பிந்திப்போச்சாம்."

கதவடியில் குடையை உதறிக்கொண்டு நின்றார் குலசேகரம். நீலச் சேட்டு. மரியாதையான சிரிப்பு. ஒரு பிழை சொல்ல முடியாத ஆள்... அதுதான் இன்னும் குழப்பம்.

"ஒரு நிமிசம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மழைக்குள், பண்ணை வீட்டுக்கே பாய்ந்தாள்.

"நீங்கள் ஆர்?"

"யோகராஜா. பக்கத்திலை, குட்மேய்ஸிலை இருக்கிறன்."

"குலசேகரம் இல்லையோ?"

"நான் எப்ப குலசேகரம் எண்டு சொன்னனான்?"

"இல்லை எண்டும் சொல்லேல்லையே!"

"நீங்கள் பேரே கேக்கேல்லை. சிகரெட்டைத்தான் கேட்டனீங்கள்."

"கலியாணம் எண்டு கதைக்கேக்கையாவது விளங்கேல்லையோ?"

அவன் தலை குனிந்தது. "விளங்கினது..."

"அப்ப வாயைத் திறக்கிறதுக்கென்ன! உங்களுக்கு விளையாட்டு. நான் அம்மாட்டை என்ன சொல்லிப்போட்டு நிக்கிறன் தெரியுமோ?" கண் நிறைந்தது. கோபமா, வெட்கமா... அவளுக்கே தெரியவில்லை. போய்விடலாம் என்று திரும்பினாள். கால் நகரவில்லை.

"விளையாட்டில்லை. சொன்னால் போயிடுவியள் எண்டு பயந்தனான்." அவன் அளவு நாடாவைக் கீழே வைத்தான். "என்னிலைதான் பிழை. ஆனால், நீங்கள் திரும்பி வராட்டில்... ஒவ்வொரு ஞாயிறும் இந்த வாசலிலை வந்து நிண்டிருப்பன். ஆரும் தலையை இடிக்கினமோ எண்டு பார்த்துக்கொண்டு."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. வாசலுக்கு வெளியே தவநாயகியின் குரல் கேட்டது.

"மலர்! அந்தப் பெடியன் பாவம், அங்கை நிக்குது. ஓம் எண்டு சொல்லிப்போட்டு இப்ப என்ன..."

"அம்மா, தலை!" இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

டொங்!

"இதென்ன வீடப்பா!" தவநாயகி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆர் இந்தத் தம்பி?"

செல்வமலர் ஒரு தரம் அண்ணாந்தாள். ஏழில் ஆறு... அசையாமல்.

"அம்மா, நான் ஓம் எண்டது இவருக்கு."

"இவருக்கோ? இவர் ஆர்?"

"யோகராஜா. சிகரெட் பத்தமாட்டார். பருப்பு வைப்பார். மிச்சம் எனக்கும் தெரியாது... குலசேகரத்திட்டை நானே போய் மன்னிப்புக் கேக்கிறன்."

"நானும் வாறன்," என்றான் யோகராஜா.

தவநாயகி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்குள்ளை எவ்வளவு காலமாப் பழக்கம்?"

"என்ரை தலை இடிபட்டதிலையிருந்து, அம்மா..."