இறங்கும் வழி

இருக்கைகளையெல்லாம் கழற்றி வெளியே போட்ட பிறகும் பஸ் எழும்பவில்லை. பாரம் குறைந்தால் ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து, வண்டி ஒரு சாண் உயர்ந்து நிற்கும் என்று அவளுடைய கொழுந்தன்தான் சொல்லியிருந்தான். அவன் வெல்டர், இரும்பு விஷயத்தில் அவன் வாக்கு பொய்க்காது. ஆனால் வீட்டை ஒட்டிய தகர ஷெட்டுக்குள் அந்தப் பஸ், கூட்டம் பிதுங்கும் வண்டியைப் போல டயர்மேல் அமுங்கியே நின்றது.

"பட்டை செத்துப்போச்சு அண்ணி. வயசான முதுகு நிமிருமா?" என்றான் கொழுந்தன்.

அவளும் சிரித்துவைத்தாள்.

ஓட்டம் முடிந்து ஏலத்துக்கு வந்த பஸ்ஸை அவள் கணவன் வாங்கிவந்தபோது, யானையைக் கட்டித் தீனி போடப்போகிறாய் என்று தெருவே சொன்னது. அவன் கேட்கவில்லை. எலக்ட்ரீஷியன் அவன், ஊரார் வீட்டுக்கெல்லாம் விளக்குப் போட்டவனுக்கு, சக்கரம் வைத்த சொந்த வீடு ஒன்றில் பெண்டாட்டி பிள்ளையோடு கிளம்பிப் போய்விட வேண்டும் என்று ஆசை. ஆசை யாரை விட்டது? அவளும் அதில் விழுந்தாள். திரைச்சீலைகளை அவளே தைத்தாள். ஜன்னல்களில், கல்லெறிந்தாலும் உடையாத தடித்த பிளாஸ்டிக் தகடுகளை அவன் பதித்து, பசை வைத்து மூடினான். எங்கே படுப்பது, எங்கே சமைப்பது என்பதையெல்லாம் சுண்டு தீர்மானித்தாள். சுண்டு அவர்களுடைய மகள், வயது ஆறு. சுண்டுவிரல் அளவுக்குப் பிறந்தவள் என்று வைத்த பெயர்.

முன்வாசலுக்கு மேலே 'ஏறும் வழி' என்றும் பின்வாசலுக்கு மேலே 'இறங்கும் வழி' என்றும் பழைய பெயின்ட்டில் எழுதியிருந்தது. மூன்று பேர் குடித்தனத்துக்கு வாசல் ஒன்று போதாதா? குளியலறைக்கு வேறு இடமும் இல்லை. கொழுந்தன் பின்வாசலில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்தான். உள்பக்கம் அவள் கணவன் டைல்ஸ் ஒட்டினான்.

அதற்குப் பிறகுதான் வண்டி இன்னும் தாழ ஆரம்பித்தது.

முதலில் அவளுக்கு மட்டுமே தெரிந்தது. சுண்டு ஏறுவதற்காக முன்படிக்குக் கீழே ஒரு பலகை போட்டிருந்தார்கள். சில நாளில் பலகை இல்லாமலே சுண்டு ஏறினாள். பிள்ளை வளர்கிறாள் என்றான் கணவன். புதுப் பலகை வாசனைக்கும் பசை நெடிக்கும் அடியில், கதவைத் திறந்ததும் வேறொரு வாடை வந்தது: தலையெண்ணெய், நனைந்து காய்ந்த துணி, நாளெல்லாம் நின்று வேலை பார்த்த உடம்புகளின் வேர்வை. ஊதுபத்தி கொளுத்தினாள், ஷெட் கதவை அகலத் திறந்துவைத்தாள், ஒன்றுக்கும் அது மசியவில்லை.

ஒருநாள் மதியம் உள்ளே தனியாக உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். முன்படி மெல்லக் கிரீச்சிட்டுத் தாழ்ந்தது. பஸ் அந்தப் பக்கமாக லேசாகச் சாய்ந்து மறுபடி நேரானது. வாசலில் யாரும் இல்லை. தரைப் பலகைகள் அவளை நோக்கி ஒவ்வொன்றாக முனகின. அவள் தன்னையறியாமல் முழங்காலை மடக்கி வழிவிட்டாள். யாருக்கு வழிவிட்டோம் என்று பிறகுதான் உறைத்தது. தைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். "என்னங்க, பஸ்ல ஆள் ஏறுது."

"ஏறட்டும். டிக்கெட் போட்டுருவோம்."

"விளையாடாதீங்க. ஏறுறவங்களுக்கு இறங்க வழியில்லை. நாமதான் அடைச்சுட்டோம். அந்தத் தகட்ட அறுத்துருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"டைல்ஸ் ஒட்டிப் பத்து நாள்கூட ஆகல. அதுக்குள்ள உடைக்கச் சொல்றியா? ராத்திரி நல்லாத் தூங்கு, எல்லாம் சரியாயிடும்."

அவன் கெட்டவன் இல்லை. அவளுடைய பயம் அவனுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். செவிடன் காதில் சங்கு ஊதி என்ன பயன்? பஸ்ஸுக்குள் போகாதே என்று மகளிடம் சொல்லிவைத்தாள். ஆறு வயசுப் பிள்ளைக்கு, தனக்கென்று அப்பா கட்டிய மாடிக்கட்டில் ஒன்று இருக்கும்போது அந்தப் பேச்சு எத்தனை நாள் தாங்கும்?

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. கொடியில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவள், சுண்டு கூடத்தில் இல்லை என்று கண்டாள். அடுக்களையிலும் இல்லை. துணியைக் கீழே போட்டாள்.

பஸ்ஸுக்குள் விளக்கு எரிந்தது. முன்கதவு திறந்திருந்தது. படி தாழ்ந்தது, உயர்ந்தது. உடனே மறுபடி தாழ்ந்தது. மழைக்கு ஒதுங்குகிறவர்கள் முண்டியடித்து ஏறுவதைப் போல, மூச்சுவிட இடைவெளி இல்லாமல். ஒவ்வொரு தரமும் வண்டி இன்னும் கொஞ்சம் அமுங்கியது. சக்கரங்கள் பாதிக்குமேல் மட்கார்டுக்குள் மறைந்திருந்தன.

"சுண்டு! இறங்குடி! அம்மா வந்துட்டேன், இறங்கு!"

படியில் கால் வைத்தாள். ஏற முடியவில்லை. எதிரே வெறும் காற்று. ஆனால் அந்தக் காற்று தடித்திருந்தது, சூடாக இருந்தது, ஈரத்துணியாக அவள் முகத்தில் ஒட்டியது. தோளைக் கொடுத்து முட்டினாள். அது கொஞ்சம் நெகிழ்ந்து, அதைவிட பலமாகத் திரும்பத் தள்ளியது. மல்லாக்க விழுந்தாள். எழுந்து மறுபடி முட்டினாள். மறுபடி விழுந்தாள்.

ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே வேறு யாருமே இல்லை. புதுக் கட்டில், புது அலமாரி, அவள் தைத்த திரை. நடுவில் சுண்டு, தரையில் கால் பாவாமல், நின்றபடி. கைகள் உடம்போடு ஒட்டிக்கிடந்தன. எதுவோ நகர்த்த, நகர்த்த, ஜன்னலை நோக்கி வந்தாள். கன்னம் தகட்டில் பதிந்தது. தட்டையானது. வெளுத்தது.

உதடு அசைந்தது. அவள் வெளியிலிருந்து தகட்டில் காதை வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா... மூச்சு முட்டுது."

அவள் போட்ட கூச்சலில் கணவன் ஓடிவந்தான். பார்த்தான். கட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு பின்பக்கம் பாய்ந்தான். தீப்பொறி பறந்தது. தம்பி வைத்த வெல்டிங், உறுதியான வெல்டிங். சாமானியத்தில் விடாது.

அவள் ஷெட்டில் கிடந்த ஸ்பேனரால் ஜன்னல் தகட்டை அடித்தாள். கீறல் விழுந்தது. அடித்தாள். வெறும் கீறல். "வழி விடுங்க. புள்ளைய விட்டுருங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்." யாரிடம் கேட்பது? எந்தக் காலைப் பிடிப்பது?

சுண்டுவின் மூச்சு தகட்டில் சின்னப் புகைவட்டமாகப் படிந்தது. அதற்கு மேலே, ஒரு பெரிய ஆளின் முக உயரத்தில், இன்னொரு வட்டம். பக்கத்தில் ஒன்று. அடுத்த ஜன்னலில். அதற்கடுத்ததில். பஸ் நெடுக எல்லா ஜன்னல்களும் உள்ளிருந்து வெளுத்துக்கொண்டே வந்தன. மகளின் கண் மட்டும் தெரிந்தது. அம்மாவைத்தான் பார்த்தது.

பிறகு அதையும் பனி மூடியது.

பின்னால் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. முன்னால் படி தாழ்ந்தது.