கன்னி மூலையில் ஒரு மேகக்குழல்

விடிந்ததும் தென்முகில் நகரத்து மக்கள் பால்கனிக்கு வந்து, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, சூரிய நமஸ்காரம் செய்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெள்ளி கிரகத்தில் சூரியன் மேற்கே உதிக்கிறது. பூமியிலிருந்து வந்து குடியேறிய முதல் குடும்பங்களோ கிழக்கு நோக்கித்தான் கும்பிட வேண்டும் என்ற பழக்கத்தோடு வந்தவை. வரைபடம் ஒரு பக்கம் கிழக்கு என்றது, வானம் எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. அவர்கள் வரைபடத்தை நம்பினார்கள். எண்பது வருடமாக அப்படியே நடந்து வருகிறது. முதுகு நன்றாகக் காய்ந்ததே தவிர வேறு கெடுதல் எதுவும் வரவில்லை.

தென்முகில் ஒரு மிதக்கும் நகரம். வெள்ளியின் தரையில் ஈயம் உருகும், அங்கே மனிதன் கால்வைக்க முடியாது. ஆனால் தரையிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில், அமில மேகங்களுக்கு நடுவே, சென்னையின் மார்கழி மாதம்போல இதமாக இருக்கும். அங்கே மூச்சுக்காற்றை அடைத்த பிரம்மாண்டமான பலூன்மீது ஊர் மிதந்தது. காற்று அதை அடித்துக்கொண்டு போய் நான்கு நாளில் கிரகத்தைச் சுற்றிவிடும். ஆகவே நான்கு நாளைக்கு ஒருமுறைதான் விடியும். விடியும் நாளில் வடகம் காயப்போடுவது, குடையிலிருந்து அமிலக்கறையைத் துடைப்பது என்று ஊரே பரபரப்பாக இருக்கும்.

அந்த விடியலில் மங்கையர்க்கரசிக்கு வேறு வேலை இருந்தது. நகரமன்றத்துக்குப் பதினோராவது முறையாக மனு எடுத்துக்கொண்டு போனார்.

மனு மேகக்குழலைப் பற்றியது. அமிலப்பேட்டையில் மூடிக்கிடந்த முதல் நீராலையின் நடுநாயகம் அது. ஊருக்கு மேலே தொண்ணூறு மீட்டர் உயர்ந்தும், ஊருக்குக் கீழே அறுநூறு மீட்டர் தொங்கியும் இருந்த இரும்புக் குழல். மேகத்தை உறிஞ்சி, அமிலத்தைப் பிரித்து, ஊருக்குத் தண்ணீரையும் காற்றையும் அதுதான் முதலில் கொடுத்தது. பிறகு உள்ளங்கை அளவுக்கு நீர்வடிப்பான்கள் வந்தன, ஆலையை மூடினார்கள். கடைசி ஷிப்டில் குழலின் அடைப்பானைத் திருகி மூடியவர் அரசிதான். இப்போது அந்த இடத்தில் தணிகாசலம் என்ற புரமோட்டர் நாற்பது மாடி அடுக்ககம் கட்டப்போகிறார். குழலைப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தால் மட்டுமே அது தப்பும்.

தணிகாசலம் கெட்டவர் இல்லை. மன்ற வாசலில் அரசியைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"அக்கா, நான் என்ன குழலுக்கு எதிரியா? எங்கப்பாவும் அங்கதான் வேலை பார்த்தாரு. ஆனா ஈசானிய மூலையில தொண்ணூறு மீட்டர் இரும்பு நின்னா எவன் குடிவருவான்? புக் பண்ணின முந்நூறு பேரும் அதை எடுத்தாத்தான் வருவோம்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

வடகிழக்கு மூலை தாழ்ந்தும் திறந்தும் இருக்க வேண்டும் என்பது வாஸ்து. விண்கலத்தில் ஆளுக்குப் பத்துக் கிலோ சாமான்தான் அனுமதி என்றபோதும் மறக்காமல் எடுத்துவரப்பட்டவற்றில் அதுவும் ஒன்று.

மன்றத்தில் தீர்ப்புச் சொல்வது நடுவன் என்ற எந்திரம். அது மனுவைப் படித்தது, அதாவது பார்த்தது.

"நாற்பதாயிரம் பேர் வாழும் ஊரில் ஒருவர் மட்டும் விரும்புவது பாரம்பரியம் ஆகாது, அம்மா. அது தனிப்பட்ட ஆசை. ஆசைகளுக்கு வேறு படிவம் இருக்கிறது."

அரசி நீராலை ஊழியர் குடியிருப்பில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினார். அடுக்ககம் வரப்போகும் இடத்துக்கு எதிரே, குழலுக்கு அந்தப் பக்கம்தான் அந்தக் குடியிருப்பு. கணவர் மருதமுத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த முந்நூறு பேர் லிஸ்ட்டைப் படிச்சேன். அதுல உங்க பேரும் இருக்கு."

மருதமுத்து இட்லியை அப்படியே விழுங்கினார். "பதினாலாவது மாடி, அரசி. திடீர்னு சொல்லி உன்னைச் சந்தோஷப்படுத்தலாம்னு..."

"பதினோரு வருஷமா அந்தக் குழலுக்காக நான் அலையறேன். நீங்க அதை வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க!"

"அந்தக் குழல் நமக்கு என்ன பண்ணுச்சு, சொல்லு."

"கையில என்ன வச்சிருக்கீங்க? காபி. அந்தக் காபித் தண்ணி எங்கிருந்து வந்துச்சு? அது செஞ்ச தண்ணியைத்தான் இன்னும் ஊரே சுத்திகரிச்சுக் குடிக்குது!"

பதில் சொல்ல முடியாத கணவர்கள் செய்வதை மருதமுத்தும் செய்தார். எழுந்து பால்கனிக்குப் போய்ச் சாமி கும்பிட ஆரம்பித்தார். வெயில் முதுகில் அடித்தது. எதிர்ச் சுவரில் விழுந்த தன் நிழலை அவர் பக்தியோடு வணங்குவதை அரசி எரிச்சலுடன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எரிச்சல் போய்விட்டது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். மருதமுத்துவுக்குப் பயமாகிவிட்டது.

அன்றே அரசி ஆலை வாசலில் வீடு வாங்குபவர்களைக் கூட்டினார். அவருக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. நீராலையில் அளவுமானி காட்டுவதைத் தவிர வேறெதையும் நம்பாமல் இருபது வருடம் வேலை பார்த்தவர். மனசாட்சி கொஞ்சம் குத்தத்தான் செய்தது. குழலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார், குத்தல் நின்றது.

"சூரியன் உதிக்கிற திசைக்கு என்ன பேருங்க?"

"கிழக்கு!" என்றது கூட்டம்.

"அப்போ திரும்பி நின்னு கிழக்கைப் பாருங்க."

முந்நூறு பேரும் திரும்பினார்கள். எண்பது வருடத்தில் முதல்முறையாக ஊர் மக்கள் சூரியனுக்கு முகத்தைக் காட்டினார்கள். கண் கூசியது.

"கிழக்கைப் பார்த்து நின்னா இடது கைப்பக்கம் என்ன திசை?"

"வடக்கு."

"அப்படின்னா நமக்கு எல்லாத் திசையும் தலைகீழா இருந்திருக்கு. இப்பச் சொல்லுங்க, இந்தக் குழல் எந்த மூலையில இருக்கு?"

சற்று நேரம் எல்லோரும் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்கள். ஒரு பெண்தான் முதலில் கத்தினாள். "ஐயையோ, கன்னி மூலை!"

தென்மேற்கு, கன்னி மூலை. அங்கே எவ்வளவு உயரமும் கனமும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று குழந்தைக்கும் தெரியும். தொண்ணூறு மீட்டர் இரும்பைவிட உயரமும் கனமும் எங்கே கிடைக்கும்? மறுநாளே தணிகாசலம் அடுக்ககத்தின் வரைபடத்தை மாற்றினார். குழலுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, அரசிக்கும் ஒரு மாலை போட்டார்.

"அக்கா, நீங்க தெய்வம்!"

அரசிக்கு அழுகை வந்தது. பதினோரு மனுவும் வரலாறும் விஞ்ஞானமும் செய்யாததை ஒரு இடது கை செய்துவிட்டதே என்றுதான். எப்படியோ குழல் நின்றது, அது போதும்.

சந்தோஷம் இரண்டு விடியல் நீடித்தது. மூன்றாவது விடியலில் ஊழியர் குடியிருப்புச் சங்கம் அரசியின் வீட்டு வாசலில் நின்றது. முன்வரிசையில் மருதமுத்து.

"உங்க கணக்குப்படி பார்த்தா," என்றார் சங்கத் தலைவர் ராயப்பன், "குழல் அவங்களுக்குக் கன்னி மூலை, சரி. அதுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு?"

அரசி மனதுக்குள் கணக்குப் போட்டார். "ஈசானிய மூலை," என்றார்.

"என் பையனுக்கு ரெண்டு வருஷமா ஏன் பொண்ணு அமையலைன்னு இப்பத்தான் புரியுது!" என்றார் ராயப்பன்.

வழக்கு நடுவனிடம் போனது. எடுத்தால் முந்நூறு குடும்பம் அழும், விட்டால் இருநூறு குடும்பம் அழும். எந்திரம் வெகுநேரம், அதாவது நான்கு விநாடி, யோசித்தது. தென்முகில் மிதக்கும் ஊர்தானே? ஓரத்தில் இருக்கும் விசிறிகளை இயக்கினால் ஊரையே திருப்பிவிடலாம். ஆறு மாதம் அடுக்ககத்துக்குச் சாதகமாக ஊர் நிற்கட்டும், ஆறு மாதம் குடியிருப்புக்குச் சாதகமாக நிற்கட்டும்.

தீர்ப்பைக் கேட்டு இரு தரப்பும் கைதட்டின. ஆனால் ராயப்பன் மகனின் நிச்சயதார்த்தம் அடுக்ககத்தின் ஆறு மாதத்தில் வந்தது. தணிகாசலத்தின் பேத்திக்குக் காதுகுத்து குடியிருப்பின் ஆறு மாதத்தில் வந்தது. ஆறு மாதம் ஒரு மாதமாயிற்று, மாதம் வாரமாயிற்று. கடைசியில் ஊரை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருக்கச் செய்தால் எல்லோருக்கும் தினமும் கொஞ்ச நேரம் நல்லது நடக்கும் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

பொறியாளர்கள் மட்டும் கையைப் பிசைந்தார்கள். "ஊர் நிக்காம சுத்தணும்னா ஒரு சிக்கல் இருக்கு. கீழே அறுநூறு மீட்டர் குழல் தொங்குது. அது கரண்டி மாதிரி மேகத்தைக் கலக்கும், ஊரே ஆடும். கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டினா மேல்பாரத்துல ஊர் சாயும், முழுக் குழலையும் வெட்டினாத்தான் சுத்த முடியும்."

வாக்கெடுப்பு நடந்தது. சுற்றுவது எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்தது. வேண்டாம் என்றது ஒரே ஒரு ஓட்டு. மருதமுத்துகூட அன்று மனைவியின் கண்ணைப் பார்க்காமல்தான் போய் வாக்களித்தார். குழலை வெட்டி எடுத்தபோது அரசி போய்ப் பார்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்தார்.

குழல் போன பிறகு ஊர் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நிறுத்தினால் யாருக்கு எந்தத் திசையில் நிற்குமோ என்ற பயத்தில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருடம் கழிந்து ஒரு விழா நடந்தது. தென்முகில் நகரத்தின் முதல் பாரம்பரியச் சான்றிதழ் ஊரின் சுழற்சிக்கு வழங்கப்பட்டது. பாரம்பரியத்துக்காகப் பாடுபட்டவர் என்பதால் அதைப் பெற்றுக்கொள்ள மங்கையர்க்கரசியை மேடைக்கு அழைத்திருந்தார்கள்.

நடுவன் விளக்கம் சொன்னது. "ஒரு வழக்கம் பாரம்பரியமா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும். ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா என்று கேட்டேன், அடிக்க வந்தார்கள்."

அரசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்தச் சுத்தல் எதுக்காக ஆரம்பிச்சதுன்னு நிஜமாவே யாருக்கும் ஞாபகம் இல்லையா?" என்று கேட்டார்.

முன்வரிசையில் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அதையெல்லாம் கேக்கக் கூடாதும்மா. பெரியவங்க காரணமில்லாமலா வச்சிருப்பாங்க?"

அரசி சான்றிதழை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.