பதினாலு காலடிப் பாட்டு

கழுத்தைத் தனியாகத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பித்தான் எடைக்காரருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார் மேஸ்திரி. தானியக் கிடங்கில் மூட்டை தூக்கும் ஆறு பேருக்குத் தலைவர்.

"நாலு மாசமா இப்படித்தான்யா. லாரிக்கு ஏறுற பழைய பலகை ஒடிஞ்சு மூட்டையோட விழுந்தேன். கழுத்து கிடக்கட்டும். எங்க பாட்டைத் திருடிட்டாங்க."

எடைக்காரர் அவசரப்படவில்லை. இருபது வருடம் எடைமேடையில் லாரிகளை எடை போட்டவர். கள்ள எடை பார்த்துப் பழகிய கண் இப்போது அடுத்தவர் வழக்குகளுக்கு உதவுகிறது. அவர் மனைவியின் தம்பிதான் அவருக்கு உதவியாள். மைத்துனர் அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டார்.

"மூட்டை தூக்கும்போது பாடுறதை ஃபோன்ல பிடிச்சு ரெண்டு மாசம் முன்னாடி பாட்டு ஆப்ல போட்டோம். ஒருத்தர் கேட்டா ஒரு காசுல கால்வாசிகூட வராது. ஆனா லட்சக்கணக்குல கேட்டாங்க. அந்தக் காசுல மூட்டை தூக்குற மெஷின் வாங்கலாம்னு இருந்தோம். இனிமே எவன் கழுத்தும் போகக் கூடாதில்ல. நடுவுல ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் அதே பாட்டுக்கு மேளம் சேர்த்துப் போட்டு, நாங்கதான் திருடினோம்னு புகார் கொடுத்துட்டார். நாப்பத்தொரு நாளா வருமானம் பூரா அவருக்குப் போகுது. நாளைக்குச் சாயங்காலம் எங்க பக்கத்தையே அழிச்சிருவாங்களாம்."

"ஆப்காரங்ககிட்ட பேசினீங்களா?"

"அங்க ஆள் எங்கய்யா இருக்கு? மெஷினுக்கு எழுதினா மெஷினே பதில் போடுது, பொறுமைக்கு நன்றின்னு. கம்பெனிக்காரர் பாட்டை மூணு வருஷம் முன்னாடியே பதிவு பண்ணதா பத்திரம் வச்சிருக்கார். மெஷின் தேதியைத்தான் பார்க்குமாம்."

எடைக்காரர் இரண்டு பாட்டையும் கேட்டார். மேசையில் விரல் தட்டிக்கொண்டே கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் பதினாலு தட்டு. பிறகு இரண்டு தட்டுக்கு வெறும் அமைதி. கம்பெனிப் பாட்டிலும் அப்படியே.

"ஆப்ல போடுறதுக்கு முன்னாடியே இதைப் பாடினதுக்கு ஏதாவது சாட்சி உண்டா?"

"போன வருஷம் கிடங்கு முதலாளி ஒரு வீடியோ எடுத்தார். இருங்க, அனுப்பச் சொல்றேன்."

வீடியோ வந்ததும் மைத்துனர் துள்ளினார். "அத்தான், முடிஞ்சுது கதை."

"போன வருஷம் பெருசா, மூணு வருஷம் பெருசா?"

மைத்துனர் உட்கார்ந்துவிட்டார். எடைக்காரர் வீடியோவை மூன்று முறை பார்த்து, மூன்று முறையும் விரல் தட்டினார். பிறகு சிரித்தார். "நாளைக்குக் காலைல எல்லாரும் கிடங்குக்கு வாங்க. கம்பெனிக்காரரையும் பேசித் தீர்க்கலாம்னு கூப்பிடுங்க."

மறுநாள் கம்பெனிக்காரர் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தார். ஆறு பேரும் அந்த ஷூவையே பார்த்தார்கள்.

"பாட்டு உங்க கற்பனைதானா?" என்று கேட்டார் எடைக்காரர்.

"என் ஸ்டுடியோவில, ஏசி ரூம்ல பிறந்தது."

"ஒவ்வொரு வரிக்கும் அப்புறம் ரெண்டு தட்டு சும்மா விடுறீங்களே, ஏன்?"

"அது மனசு நிறைஞ்சு நிக்கிற இடம். இசை தெரிஞ்சவங்களுக்குப் புரியும்."

"மேஸ்திரி, அந்த இடத்துல உங்களுக்கு என்ன நிறையும்?"

"லாரிதான்யா நிறையும். மூட்டையை இறக்கிப் போடுற நேரம் அது. வாயைத் திறந்தா தூசி போயிரும்."

ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எடைக்காரர் லாரியில் சாய்த்திருந்த பலகையைக் காட்டினார். "பாடிக்கிட்டே ஒரு நடை ஏறுங்க. மச்சான், சத்தமா எண்ணு."

மைத்துனர் எண்ணினார். பதினாலாவது காலடியில் வரி முடிந்தது. பலகையும் முடிந்தது. மூட்டை தொப்பென்று விழுந்தது.

"இப்ப போன வருஷத்து வீடியோ. எண்ணு."

"பத்து, பதினொண்ணு, பன்னெண்டு... அத்தான், பன்னெண்டுலயே வரி முடிஞ்சிருச்சு."

"பழைய பலகை குட்டை, பன்னெண்டு காலடி. அது ஒடிஞ்சதும் நாலு மாசம் முன்னாடி நீளமா ஒண்ணு வாங்கிப் போட்டாங்க. மரக்கடை ரசீது முதலாளிகிட்ட இருக்கு. பலகை நீண்டதும் இவங்க வரியையும் ரெண்டு காலடி நீட்டிட்டாங்க." எடைக்காரர் கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினார். "உங்களைப் பார்த்துத் திருடியிருந்தா போன வருஷமே பதினாலு பாடியிருக்கணும். மூணு வருஷம் முன்னாடி, ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு, இன்னும் வாங்காத பலகையை நீங்க எப்படி அளந்தீங்க?"

கம்பெனிக்காரர் பலகையைப் பார்த்தார். பத்திரத்தைப் பார்த்தார். "தேதியில ஏதோ... ஆபீஸ்ல தப்பா போட்டிருப்பாங்க."

"ஆபீஸ்ல யார் யார் இருக்காங்க?"

"நான் மட்டும்தான்."

அங்கேயே ஃபோனை எடுத்துப் புகாரைத் திரும்பப் பெற்றார். பத்து நிமிடத்தில் ஆப் மெஷின் பதில் போட்டது: பாட்டு மேஸ்திரிக்கே சொந்தம், இனி வருமானமும் அவருக்கே, ஏற்கெனவே கொடுத்த பணத்தை இரு தரப்பும் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும்.

"அந்தக் காசு?" என்றார் மேஸ்திரி.

"விளம்பரத்துக்குச் செலவாயிருச்சே. மாசக் கடைசியில தந்துடறேன்." எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

மாதக் கடைசி வந்தது, போனது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மூட்டை தூக்கும் மெஷின் வாங்கப் பாதிப் பணம் சேர்ந்திருக்கிறது. கம்பெனிக்காரர் ஆறு பேருக்கும் தர வேண்டிய நாற்பத்தொரு நாள் வருமானம் இன்னும் பாக்கி.